ஓர் இடத்துக்கு ஒரு துளி

சளிப்பூஞ்சைக்கு மூளை கிடையாது. கண், காது, வாய் எதுவும் கிடையாது. ஈரக் கட்டையின் மேல் யாரோ முட்டையின் மஞ்சள் கருவைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் கிடக்கும். ஆனால் அதைச் சுற்றி நாலைந்து இடங்களில் தீனி வைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் விரல் விரலாக நீளும். தேடும். தீனி கிடைத்த பிறகு, தேடியதில் வீணான விரல்களையெல்லாம் சுருட்டிக்கொள்ளும். மிச்சம் நிற்பது அந்த இடங்களை இணைக்கிற மிகச் சிக்கனமான பாதைகள் மட்டும்தான். பெரிய அலுவலகம் ஒன்று மாதக்கணக்கில் உட்கார்ந்து போடும் வரைபடத்தை அது இரண்டே நாளில் போட்டுவிடும்.

நொய்யல்நகர் மாநகராட்சி சைக்கிள் பாதை போடும் வேலையை அதனிடம் கொடுத்ததற்கு வேகம் காரணம் இல்லை. பெட்ரோல் வண்டிகள் ஊருக்குள் வரக்கூடாது என்று சட்டம் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பாதை போகிற தெருவுக்குத்தான் இனி உயிர் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் போட்ட முதல் வரைபடம் மூன்று கவுன்சிலர்களின் வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. இரண்டாவது வரைபடத்தை மக்கள் கூட்டத்திலேயே கிழித்துப்போட்டார்கள்.

"இதுக்குக் கட்சி கிடையாது, சாதி கிடையாது, மாமன் மச்சான் கிடையாது" என்று சொல்லித்தான் பொறியாளர் ஷகிலா பானு பதினேழாம் வார்டின் பழைய ரேஷன் கடைக்குள் அந்தக் கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்து இறக்கினார்.

இரண்டு கதவு அகலம் இருக்கும் பலகை. அதில் வார்டின் தெருக்கள் எல்லாம் சின்ன வாய்க்கால்களாக வெட்டப்பட்டு, கடற்பாசிக் கூழ் ஊற்றப்பட்டிருந்தன. வீடுகள் இருக்கும் இடம் வெறும் கண்ணாடி. ஈரம் உள்ள இடத்தில்தான் அது ஊரும் என்பதால், தெருவை விட்டு யார் வீட்டுக்குள்ளும் நுழையாது. வெளிச்சம் அதற்கு ஆகாது. அதனால் பகல் முழுக்க மேலே ஒரு சிவப்புத் துணி. சாயந்தரம் துணியை விலக்கினால் வார்டே வந்து எட்டிப் பார்க்கும். சளிப்பூஞ்சை என்ற புத்தகப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. இரண்டாம் நாளே அது 'மஞ்சக்கொடி' ஆகிவிட்டது.

பாதை வேண்டும் என்கிறவர்கள் தங்கள் இடத்தில் ஒரு வில்லை தீனி வைக்கலாம். வேண்டாம் என்கிறவர்கள் ஒரு துளி உப்புத் தண்ணீர் விடலாம். வீட்டுக்கு ஒன்று. தீனிக்கு ஒரு மேசை, உப்புக்கு ஒரு மேசை; இரண்டையும் பார்த்துக்கொள்ள வார்டிலிருந்தே விண்ணப்பம் கேட்டார்கள்.

பட்டறை வீதியில் முப்பத்தோரு வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கும் சென்னியப்பன் தீனி மேசையைத்தான் கேட்டார். ஷகிலா பானு அவருடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குங்க. உப்பு வெக்கிறவங்க காரணத்தையெல்லாம் எழுதி வெக்கணும். நீங்கதான் சரி" என்று உப்பு மேசையைக் கொடுத்தார். தீனி மேசை சௌடேஸ்வரிக்குப் போனது. மில் ரோட்டில் சந்தவை என்கிற இடியாப்பம் விற்கும் கடை வைத்திருப்பவள்.

சௌடேஸ்வரிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதைச் சென்னியப்பன் முதல் நாளிலிருந்து மனதுக்குள் ஒரு முள்ளைப்போல் வைத்துக்கொண்டிருந்தார்.

வேலை சொல்லிக்கொடுத்த அன்று ஷகிலா பானு பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார்.

"இதுக்குப் பிடிச்சது சோள அவல். ஓட்ஸ் வெச்சுப் பாத்தோம், மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. அவல் வெச்சதும் இந்த ஊர்க்காரி ஆயிடுச்சு. உப்புப் பட்டா சுருங்கிக்கும். ஆனா ஒண்ணு, ஓர் எடத்துக்கு ஒரு துளிதான். ஒரே தடவைதான். திரும்பத் திரும்ப வெக்கவே கூடாது. ஏன்னா..."

"ஏனுங் மேடம், அவல் வெச்சா ஓடியாருது, உப்பு சரியில்லீன்னா மூஞ்சியச் சுருக்குது. எங்கூட்டுக்காரரும் இதேதானுங்" என்றாள் சௌடேஸ்வரி.

கடை அதிர்ந்தது. ஷகிலா பானுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கு நடுவே அந்த 'ஏன்னா'வுக்கு அடுத்த வார்த்தைகள் வந்தன, ஆனால் சென்னியப்பன் காதில் விழவில்லை. புதிதாக ஒரு பிரேக் வந்தால்கூட அதைப் பிரித்துப் பார்த்து, எது எதை இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வண்டியில் மாட்டாதவர் அவர். வேறு நாளாக இருந்தால் கையைத் தூக்கிக் கேட்டிருப்பார். அவள் சிரிக்க வைத்த இடத்தில் போய்த் தான் பாடம் கேட்பதா என்று அன்று சும்மா இருந்துவிட்டார்.

அவள் மேசை வாசலோரம், மின்விசிறிக்குக் கீழே. வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "அக்கா, எங்க மாரியம்மன் கோயில் முக்குல ஒண்ணு வெய்யிக்கா" என்று அவலை வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள். கொய்யாப்பழம் கொடுத்தார்கள். ஒருத்தி தலையில் பூவே வைத்துவிட்டாள். சென்னியப்பனின் மேசை உள்ளே, பழைய எடைத்தராசுக்குப் பக்கத்தில். அவருக்குக் கொடுத்த பிரம்பு நாற்காலியில் நடுப்பின்னல் அறுந்து, உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்கும். அவரிடம் வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். திண்டாட்டம், சண்டை, வயதான மாமியார், இடிந்த சுவர் என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். அவர் முத்து முத்தாக எழுதிக்கொண்டிருப்பார். அவர் காது எதிர் மேசையில் இருக்கும்.

நாலாம் நாள் கந்தவேலன் வந்தான். கூடைச் சந்தில் பார்வையில்லாத பதினோரு பேர் சேர்ந்து குடியிருந்து நாற்காலி பின்னுகிறார்கள். அவர்களில் நன்றாகப் பேசத் தெரிந்தவன் அவன்தான்.

"உப்பு மேசை இதுதானுங்களாண்ணா?"

"இதேதான் கந்தவேலு. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அக்கட்டால ஒரே சிரிப்பு. சத்தமில்லாத பக்கம்தானுங் உப்பா இருக்கோணும்."

சென்னியப்பன் பேனாவை எடுத்தார். "காரணத்தச் சொல்லு."

"நாங்க பதினோரு பேரும் அந்தச் சந்துலதானுங் பொழங்கறோம். அடி எண்ணி நடக்கறோம். மோட்டார் வண்டி இருந்த காலத்துல தூரத்துலயே தெரிஞ்சுபோகும். சைக்கிள் காத்தாட்ட வருதுங். பக்கத்துல வந்தப்பறம்தான் தெரியுது. ரயிலடிக்கும் பஞ்சாலைக்கும் எங்க சந்துதான் குறுக்கு வழி. உங்க மஞ்சக்கொடி மொதல்ல அதத்தான் பாக்கும்."

"பெல் அடிப்பாங்கல்ல?"

"அடிப்பாங்க. ஒதுங்கச் சொல்லி அடிப்பாங்க. எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னு பெல்லு சொல்லுமாங்ண்ணா?"

சென்னியப்பன் அதை அப்படியே எழுதினார். பிறகு துணியை விலக்கிப் பார்த்தார். அவன் சொன்னது சரி. கூடைச் சந்தின் முனையில் ஒரு மஞ்சள் விரல் ஏற்கெனவே நுழையத் தயாராக நின்றது. குழந்தை விரல் நகம் அளவு ஒரு துளியை அதன் முன்னால் விட்டார். அரை மணி நேரத்தில் விரல் பின்வாங்கியது. போன இடத்தில் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு பளபளப்பு மட்டும் இருந்தது.

"சுருங்கிருச்சுங்களா?"

"சுருங்கிருச்சு."

கந்தவேலன் நீளமாக மூச்சு விட்டான். எழுந்தவன் நின்றான். "உங்க நாற்காலில நடுப்பின்னல் போயிருச்சுங். நீங்க அசையறப்ப எல்லாம் சொல்லுது. நாளைக்கு அனுப்பி வெய்யிங்க, பின்னித் தாரேன். அரை நாள் வேலை."

"பாக்கலாம்" என்றார் சென்னியப்பன். அந்த நேரம் யாரோ சௌடேஸ்வரிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் பட்டறை வீதியின் நரம்பு காய்ந்துபோனது.

இது எப்படி நடக்கிறது என்பதை அவர் ஷகிலா பானுவிடம் முன்பே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். கொடியின் உள்ளே கூழ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் குழாயில் ஓட்டம் அதிகமோ அது தடிக்கும். தடித்தால் இன்னும் அதிகம் ஓடும். ஓட்டம் குறைந்த குழாய் மெலியும், மெலிந்தால் இன்னும் குறையும். கூடைச் சந்தை விட்டால், ரயிலடியிலிருந்து பஞ்சாலைக்குப் போக அந்த வார்டில் இரண்டு நல்ல வழிகள்: மில் ரோடு, பட்டறை வீதி. எட்டு நாளாக இரண்டும் நூல் அளவில் போட்டி போட்டன. அன்று மில் ரோட்டு நரம்பு மண்புழு அளவுக்குத் தடித்து, சௌடேஸ்வரியின் கடை வாசலில் துடித்துக்கொண்டிருந்தது. பட்டறை வீதியில் வெறும் தடம்.

சிரிப்பும் அப்படித்தான், கூட்டமும் அப்படித்தான் என்று நினைத்தார். இருக்கிற இடத்துக்கே போய்ச் சேரும். முப்பத்தோரு வருடம் இந்த வார்டின் ஒவ்வொரு மேட்டையும் முழங்காலால் தெரிந்துவைத்திருப்பவர் அவர். ஓட்டவே தெரியாதவள் வாசலில் பாதை.

"சென்னியண்ணா, மூஞ்சி ஏனுங் இப்படி இருக்குது? நாளைக்குச் சந்தவை கொண்டாரேன், தேங்காப்பால் ஊத்தி" என்றாள் அவள், போகிற போக்கில்.

அந்த இரக்கம்தான் அவரால் தாங்க முடியாமல் போனது.

கடையைத் திறக்கும் சாவி மேசைக்காரர்கள் இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தார். துணியைத் தூக்கினார். மில் ரோட்டில், அவள் கடைக்குச் சற்று முன்னால், ஒரு துளி. நோட்டில் எதையும் எழுதவில்லை. நரம்பு ஒருமுறை துடித்தது, பிறகு மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

சாயந்தரம் துணியை விலக்கியதும், "ஐயோ, மில் ரோடு எளச்சுப்போச்சே" என்று யாரோ கத்தினார்கள். சௌடேஸ்வரியின் முகம் விழுந்ததைச் சென்னியப்பன் ஓரக்கண்ணால் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

ஆனால் மறுநாள் காலை நரம்பு பழைய இடத்துக்கே வந்திருந்தது. இன்னொரு துளி விட்டார். அதற்கு மறுநாளும். இயந்திரம் தெரிந்த மனுஷன் என்பதால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கத்தான் செய்தார். முதல் நாள் அரை மணியில் பின்வாங்கியது, மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் தயங்கி நின்றது, அவ்வளவுதான். உப்பு போதவில்லை என்று நினைத்து, ஆறாம் நாள் கரைசலைக் கெட்டியாக்கினார். தூறலுக்குக் குடை விரிக்காதவன் மாதிரி அது அந்தத் துளியின் மேலேயே நடந்து போனது.

சரிதான், இதற்கும் அவளைத்தான் பிடித்திருக்கிறது என்று துணியை மூடிவிட்டு வந்துவிட்டார்.

இருபதாம் நாள் இணைப்பு. முப்பத்திரண்டு வார்டுகளின் பலகைகளையும் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோய், ஊர் வரைபடம்போல் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார்கள். இரண்டு கொடிகள் தொட்டுக்கொண்டால் சண்டை வராது. தோல் கரைந்து ஒன்றாகிவிடும். பிறகு எது எந்த வார்டின் உடம்பு என்று யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு நாள் விட்டுத் துணியை விலக்கியபோது ஊர் முழுவதற்கும் ஒரே கொடி, ஒரே பாதை.

சென்னியப்பன் முதலில் மில் ரோட்டைப் பார்த்தார். இருந்தது. பிறகுதான் கூடைச் சந்தைப் பார்த்தார். அவர் கையால் வைத்த துளியின் மேலேயே ஏறி, சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சுண்டுவிரல் தடிப்பில் ஒரு மஞ்சள் நரம்பு ஓடியது.

"இங்க உப்பு வெச்சீங்கல்ல?" ஷகிலா பானு அவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"வெச்சனுங்க. நோட்டுல இருக்குதுங்க."

"அப்பறம் எப்படித் தாண்டுச்சு? வேற வார்டுலயும் சில எடத்துல தாண்டியிருக்கு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு நாள் கழிச்சும் உப்பத் தாண்டி நின்னா, எதிர்ப்பவிட தேவை பெருசுன்னு எடுத்துக்கணும். விதி அப்படித்தான் இருக்கு. உங்களுக்கு வேற ஏதாவது தோணுதா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். சொல்லிவிடத்தான் திறந்தார். அந்த நேரம் பார்த்து மில் ரோட்டுக்காரர்கள் நாலைந்து பேர் செவ்வந்தி மாலையோடு உள்ளே வந்து, வேண்டாம் வேண்டாம் என்று நாணிக்கொண்டே கழுத்தை நீட்டிய சௌடேஸ்வரிக்குப் போட்டார்கள். இப்போது சொன்னால் இந்தக் கூட்டத்துக்கு நடுவே, அந்த மாலைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணுந் தோணலீங்க" என்றார்.

ஷகிலா பானு கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதச் சோதனை ஓட்டத்துக்காகத் தெருக்களில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட ஒரு மில் தொழிலாளி கூடைச் சந்தில் வேகமாக வந்தான். முன்னால் நடந்துபோகும் ஆளைப் பார்த்துப் பெல் அடித்தான். கந்தவேலன் இடப்பக்கம் ஒதுங்கினான். சைக்கிளும் இடப்பக்கம்தான் ஒதுங்கியது.

சென்னியப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கந்தவேலனின் வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. விரல்கள் பழையபடி மடங்குமா என்று கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்களாம்.

"பெல் அடிச்சாருங்ண்ணா. நல்ல மனுசன். இங்க வரைக்கும் தூக்கிட்டு வந்து அழுதுபோட்டுப் போனாரு." கந்தவேலன் கூரைப் பக்கம் முகத்தை வைத்தபடி கேட்டான்: "நீங்க உப்பு வெச்சீங்கதான?"

"வெச்சேன் கந்தவேலு."

"எனக்குத் தெரியுமுங். நீங்க எழுதற சத்தம் கேட்டேனே. போச்சாது, விடுங்க. மத்தவங்க தேவை பெருசா இருந்திருக்கும்."

அவன் ஏசியிருந்தால் சென்னியப்பன் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருப்பார்.

அன்று மத்தியானமே ஷகிலா பானுவைப் பழைய ரேஷன் கடைக்கு வரச் சொன்னார். சௌடேஸ்வரியையும் கூப்பிட்டார். அவள் முன்னால் சொல்வதுதான் தனக்குத் தண்டனை என்று நினைத்தார். ஆறு காலை, ஆறு துளி, எதையும் மறைக்காமல் சொன்னார்.

ஷகிலா பானு உப்பு நோட்டை எடுத்துப் புரட்டி, மூடி வைத்தார்.

"மொத நாளே சொன்னனே சார். உப்பு அதுக்கு விஷம் இல்ல, வெறும் எரிச்சல்தான். ஒரே எடத்துல திரும்பத் திரும்பப் பட்டா, இதுல ஒண்ணும் ஆகறதில்லைன்னு பழகிடும். பழகிட்டா எந்த உப்பையும் மதிக்காது. அதுக்குத்தான் ஓர் எடத்துக்கு ஒரு துளின்னு..." நிறுத்தினார். புருவம் சுருங்கியது. "இல்ல, இது ஒத்து வரலையே. வெறும் உப்ப மட்டும் வெச்சிருந்தா அந்தப் பக்கம் போறதையே விட்டிருக்கும். உங்க தெரு வழியாப் போயிருக்கும். பழகணும்னா, உப்பத் தாண்டினா லாபம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"அது நானுங்" என்றாள் சௌடேஸ்வரி.

இருவரும் திரும்பினார்கள்.

"தெனமும் சாயந்தரம் பாத்தா எங்க ரோடு எளச்சுக் கெடக்குது. எல்லாரும் போனப்பறம் எங்கடை வாசல்ல ஒரு சிட்டிகை அவல் சேத்தி வெச்சுப்போட்டுப் போயிருவேன். காத்தால வந்துருக்கும்."

"யாரு உப்பு வெச்சதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம என்னங் மேடம்? துளி காஞ்ச எடத்துல வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. உப்பு யாருகிட்ட இருந்துச்சு?"

"அப்பறம் ஏம்மா சொல்லல?" என்றார் சென்னியப்பன்.

"சொன்னா உங்கள எடுத்துப்போடுவாங்க. அப்பறம் ஊரே பாவம் சென்னியண்ணன்னு உங்க பின்னாடி வரும்." அவள் அவரைப் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "இப்பவே உங்க மேசைல உக்காந்தவங்க எந்திரிக்கறதே இல்லீங். அழுவறாங்க, ஊட்டுக் கதையெல்லாஞ் சொல்றாங்க. எங்கிட்ட அவல வாங்குவாங்க, ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, போயிருவாங்க. இருவது நாள்ல ஒருத்தராச்சும் உக்காந்து ஒரு கஷ்டம் சொன்னாங்களா? நீங்க குனிஞ்சு எழுதறதப் பாக்கப் பாக்க எனக்கு வவுறு எரியும். எங்க ரோட்டையும் நீங்க புடுங்கிட்டா எனக்குன்னு என்னங் இருக்குது?"

அந்த மேசையைப் பார்த்து இன்னொருவர் பொறாமைப்பட முடியும் என்று சென்னியப்பனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஷகிலா பானு தன் கைப்பேசியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். "காலைல உப்பு, சாயந்தரம் அவல். ரெண்டு பேரும் சேந்து அதுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் குடுத்திருக்கீங்க. யாராவது வேண்டாம்னு சொன்னா கொஞ்சம் பொறுத்துக்கோ, அந்தப் பக்கம் சாப்பாடு இருக்கு." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "பழக்கம் கலந்தா பரவும். உங்க வார்டு கொடி எல்லா வார்டோடயும் கலந்தாச்சு. ஊர் முழுக்க நாப்பத்து மூணு எடத்துல உப்பத் தாண்டியிருக்கு. நாப்பத்து மூணுலயும் 'தேவை பெருசு'ன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களையாவது பொறாமை அப்படிப் பண்ண வெச்சுது. எனக்கு விதி இருந்துச்சு, அதுக்கு மேல நான் யோசிக்கல."

சுண்ணாம்புக் கோடுகளை மறுநாளே கழுவினார்கள். கொடியை எரித்தார்கள். அதற்கு அடுத்த நாள் சென்னியப்பன் கந்தவேலனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "போயிட்டு வாங்க" என்றான்.

ஐந்து மாதம் கழித்துப் புதிய கொடி வந்தது. உப்பையே பார்த்திராமல், காய்ந்து சருகாகக் கிடந்த வேறொரு கொடியிலிருந்து தண்ணீர் தெளித்து எழுப்பியது. தீனி மேசையில் யாரோ ஒரு புதுப் பெண். உப்பு மேசையில் கந்தவேலன். எழுதுவதற்குப் பதில் மேசைமேல் ஓர் ஒலிப்பதிவுக் கருவி; துளியை வருகிறவர்களே விட்டார்கள்.

சென்னியப்பன் ஐந்தாம் நாள்தான் போனார், வார்டில் குடியிருக்கும் ஓர் ஆளாக. கடைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். வாசல் மேசையில் அந்தப் பெண் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கூட்டமெல்லாம் உள்ளே, தராசுக்குப் பக்கத்தில். ஒரு சிரிப்பு வெடித்தது. அவர் உட்கார்ந்த இருபது நாளில் அந்த மூலையில் ஒருவரும் சிரித்தது கிடையாது. வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல், விலாசம் தெரிந்த விருந்தாளிபோல், நேராக வந்து உட்கார்ந்தது.

வரிசையில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்றார். அவர் முறை வந்தது.

"செயின் எண்ணெய் வாசம். சென்னியண்ணனுங்களா?"

"நான்தான் கந்தவேலு."

"எங்க வெக்கோணும்?"

"கூடைச் சந்துல."

"அங்க மொத நாளே வெச்சாச்சுங். ஓர் எடத்துக்கு ஒரு துளி. ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உப்பு வெக்காட்டியும் பரவால்ல, ஏதாச்சும் சொல்லோணும்னா உக்காந்து சொல்லுங்க. கேக்கத்தான உக்காந்துருக்கறேன்."

சென்னியப்பன் அவன் வலது கையைப் பார்த்தார். கட்டுப் பிரித்தாகிவிட்டது. விரல்கள் பாதிதான் மடங்கியிருந்தன. கை மேசைமேல் கிடந்த விதமே, அது இனிப் பின்னலுக்கு ஆகாது என்று சொன்னது. பிறகு அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். அதே நாற்காலி. ஓட்டைமேல் சாக்கை மடித்துப் போட்டிருந்தான். அவன் அசைந்தபோது அது முனகியது.

"இந்த நாற்காலி..."

"அன்னைக்கே அனுப்பியிருந்தீங்கன்னா அரை நாள் வேலைங்."

கோபம் இல்லாமல், மணி சொல்வதுபோலச் சொன்னான்.

"நான் எடுத்துட்டுப் போறேன். எப்படிப் பின்றதுன்னு சொல்லு."

"சைக்கிள் கம்பி இழுக்கற கைங் அது. பிரம்பு வேற."

"சொல்லேன் நீ. தப்பாப் போனா அவுத்துட்டு மறுபடியும் பின்றேன்."

கந்தவேலன் யோசித்தான். பிறகு எழுந்து நின்றான். அவ்வளவுதான் பதில். சென்னியப்பன் எதிர் மேசையிலிருந்து ஓர் இரும்பு ஸ்டூலை இழுத்து அவனுக்குப் போட்டுவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, கொஞ்சம் வழி உடுங்க, நானும் பேசோணும்" என்று பின்னாலிருந்த பெண் முன்னே வந்து உட்கார்ந்தாள். பட்டறை வீதிக்காரி. முன்பு அவரிடமும் வந்து உட்கார்ந்தவள்தான். என்ன சொன்னாள் என்று நினைத்துப் பார்த்தார். நோட்டில் முத்து முத்தாக எழுதியது ஞாபகம் இருந்தது. சொன்னது ஞாபகம் வரவில்லை.

வாசலை எட்டியபோது பின்னால் கந்தவேலன் ஏதோ கேட்டான். அவள் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அடங்கி, குரல் தாழ்ந்து, அவள் எதையோ சொல்லத் தொடங்கினாள். சென்னியப்பன் தலையில் நாற்காலியோடு நின்று காதைத் தீட்டினார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அது அவனுக்காகச் சொல்லப்படுவது.

வாசலை விட்டு நகராமல் நின்றவரைப் பார்த்துத் தீனி மேசைப் பெண், "என்னங்க, அவல் வேணுங்களா?" என்று கேட்டாள்.